வேடத்திலிருந்து அடக்கத்துக்கு: அலெக் கின்னஸின் நடிப்புக் கலை

இருபதாம் நூற்றாண்டு பிரிட்டனின் நடிப்புக் கலையை ஆராய்வோர் ரால்ஃப் ரிச்சர்ட்சன், ஜான் கீல்குட், லாரன்ஸ் ஒலிவியே ஆகிய மூவரையும் ஒரு வரிசையில் நிறுத்திவிட்டு, அவர்களுக்கு ஏழு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் இளையவரான அலெக் கின்னஸை (1914–2000) அந்த வரிசையின் கடைசியில் சேர்ப்பது வழக்கம். மூத்தவர் மூவரும் மேடையில் வேரூன்றித் திரைப்படத்தைப் பெரும்பாலும் இரண்டாம் தொழிலாகக் கொண்டவர்கள். கின்னஸோ அதே மேடையில் பயின்று, அதே ஷேக்ஸ்பியர் நாடகங்களில் தேர்ந்து, தம் சாதனையின் பெரும்பகுதியைக் கேமராவின் முன் விட்டுச் சென்றவர். ஆயிரம் முகம் கொண்டவர், பச்சோந்தி என்றெல்லாம் அவர் வாழ்நாள் முழுவதும் பாராட்டப்பட்டார். அந்தப் பாராட்டு 1946 முதல் 1955 வரையிலான பத்தாண்டுகளுக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும் என்பதும், அதன் பின் அவர் மேற்கொண்டது முகத்தின் அசைவுகளை ஒவ்வொன்றாகக் குறைத்துச் செல்லும் நெடிய முயற்சி என்பதும், முற்காலத்தில் அவருக்குப் புகழ் தேடித் தந்த வேடத்திறமையே பிற்காலத்தில் சில இடங்களில் அவரைச் சறுக்கச் செய்தது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகள்.

கின்னஸ் 1914 ஏப்ரல் 2 அன்று லண்டனின் மேய்டா வேல் பகுதியில் பிறந்தார். தாய் ஆக்னஸ் கஃப். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயருக்குரிய இடம் வெற்றாக விடப்பட்டிருந்தது. ஆண்ட்ரூ கெட்டஸ் என்னும் ஸ்காட்லாந்து வங்கியாளர் அவருடைய பள்ளிக் கட்டணத்தைச் செலுத்திவந்தார். அவரே தம் தந்தையாக இருக்கலாம் என்று கின்னஸ் பிற்காலத்தில் எண்ணினார். தாய் இடையில் ஸ்டிவன் என்னும் ராணுவ அதிகாரியை மணந்து பிரிந்ததால், பதினான்கு வயதுக்குள் அந்தச் சிறுவன் மூன்று குடும்பப் பெயர்களில் அழைக்கப்பட்டான். சொந்தப் பெயர் உறுதியில்லாதவர் பிறருடைய உருவங்களில் புகலிடம் தேடினார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்வதுண்டு. இந்த விளக்கத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் அவர் ஏன் நடிக்க வந்தார் என்பதைத்தான் அது சொல்கிறது, எப்படி நடித்தார் என்பதைச் சொல்வதில்லை. பின்னதற்கு அவர் பெற்ற பயிற்சியே சான்று.

பள்ளிப் படிப்புக்குப் பின் லண்டனில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வாசகம் எழுதும் வேலையில் சேர்ந்த கின்னஸ், மார்ட்டிட்டா ஹண்ட் என்னும் நடிகையிடம் பாடம் கேட்டு, பின்னர் ஃபே காம்ப்டன் நடத்திய நாடகப் பள்ளியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். 1934-இல் கீல்குட் தாம் இயக்கி நடித்த 'ஹாம்லெட்' நாடகத்தில் அவருக்கு ஆஸ்ரிக் என்னும் சிறு பாத்திரத்தைக் கொடுத்தார். கீல்குட்டின் நடிப்பு குரலை ஆதாரமாகக் கொண்டது. கவிதை வரியை இசைபோல் நீட்டியும் குறுக்கியும் பேசுவதில் அவருக்கு நிகரானவர் அன்று எவருமில்லை. இளம் நடிகர்கள் பலரைப் போலவே கின்னஸும் முதலில் அந்தக் குரலின் நிழலில் நின்றார். 1938-இல் டைரோன் கத்ரி ஓல்ட் விக் அரங்கில் தற்கால உடையில், ஒரு வரியும் வெட்டாமல் அரங்கேற்றிய 'ஹாம்லெட்'டில் 24 வயது கின்னஸ் தலைமைப் பாத்திரம் ஏற்றபோது, ஆரவாரமில்லாத, பேச்சை உள்ளிழுத்துக்கொண்ட ஓர் இளவரசனைக் காட்டினார் என்று அன்றைய விமர்சகர்கள் குறித்தனர். அதைக் குறையாகக் கண்டவர்களும் அவர்களில் உண்டு. போருக்குப் பின் 1946-இல் ஒலிவியே 'லியர் அரசன்' நாடகத்தை இயக்கி லியராக நடித்தபோது, அரசவைக் கோமாளியாகக் கின்னஸ் நடித்தார். உண்மையைக் குத்தலாகச் சொல்லும் உரிமை பெற்ற அந்தக் கோமாளிக்கு ஷேக்ஸ்பியர் தந்த வரிகள் குறைவு. ஒலிவியேயின் முழக்கத்துக்குப் பக்கத்தில், பெரும்பாலும் பேசாமலேயே, அரசனைக் கவனித்துக்கொண்டிருப்பதையே கின்னஸ் நடிப்பாக்கினார். பிறர் பேசுவதைக் கேட்கும் முகம் பேசும் முகத்தைவிட அதிகம் சொல்லக்கூடும் என்னும் அறிதல் அங்கே தொடங்கியது எனலாம்.

போரில் அவர் அரச கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தார். 1943 ஜூலையில் நேச நாட்டுப் படைகள் சிசிலித் தீவில் இறங்கியபோது, வீரர்களைக் கரையில் இறக்கும் படகு ஒன்றின் பொறுப்பு அவருடையதாக இருந்தது. போருக்கு முன்பே, 1939-இல், சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை அவர் மேடைக்கு ஏற்றபடி எழுதி, ஹெர்பர்ட் பாக்கெட் என்னும் நண்பன் பாத்திரத்தில் தாமே நடித்திருந்தார். அதைப் பார்த்தவர்களில் அன்று படத்தொகுப்பாளராக இருந்த டேவிட் லீனும் ஒருவர். 1946-இல் அதே நாவலை லீன் படமாக்கியபோது கின்னஸை அதே பாத்திரத்துக்கு அழைத்தார். அதற்கு முன் 1934-இல் ஒரு படத்தில் கூட்டத்தோடு நின்றதைத் தவிர்த்தால், இதுவே அவருடைய திரைப் பிரவேசம். இருவரும் சேர்ந்து வேலை செய்த முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஆறு படங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றேனும் மன வருத்தமில்லாமல் முடிந்ததாகச் சொல்வது கடினம்.

இரண்டாவது படம் 'ஆலிவர் ட்விஸ்ட்' (1948). சிறுவர்களைத் திருட்டுக்குப் பழக்கும் முதியவன் ஃபேகின் பாத்திரத்தைக் கின்னஸ் கேட்டபோது லீன் மறுத்தார். முப்பது வயதைச் சற்றே கடந்த, பாக்கெட்டாக வந்துபோன இளைஞரை அந்த வேடத்தில் அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. கின்னஸ் ஒப்பனையோடு ஒரு சோதனைப் படப்பிடிப்புக்கு வந்து நின்றதும் மறுப்பு மறைந்தது. நாவலின் முதல் பதிப்புக்கு ஜார்ஜ் குரூக்ஷாங்க் வரைந்த படங்களை அடியொற்றி, ஒப்பனைக் கலைஞர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் பெரிய வளைந்த மூக்கையும் தொங்கும் இமைகளையும் செய்து ஒட்டியிருந்தார். தொழில்திறன் என்ற அளவில் அந்த உருமாற்றம் இன்றும் வியப்பூட்டுகிறது. ஆனால் குரூக்ஷாங்கின் ஓவியம் யூதர்களைப் பற்றிய பழைய வெறுப்புச் சித்திரங்களின் வழிவந்தது. ஐரோப்பிய யூதர்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டு மூன்று ஆண்டுகளே ஆன நிலையில் அதே உருவம் பெருந்திரையில் மீண்டும் வந்தது. 1949-இல் பெர்லினில் உயிர் தப்பிய யூதர்கள் படத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். அமெரிக்காவில் 1951 வரை படம் தடைபட்டு, ஃபேகினின் காட்சிகள் சில வெட்டப்பட்ட பிறகே வெளிவந்தது. லீனுக்கோ கின்னஸுக்கோ அப்படியொரு நோக்கம் இருந்ததாக எவரும் நிறுவியதில்லை. நோக்கத்தை வைத்து மட்டும் இதைத் தீர்ப்பது போதாது. வெளித்தோற்றத்தைக் கச்சிதமாக எடுத்து அணியும் கலை, அந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருந்துவிட முடியும் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. பின்னாளில் இது திரும்ப வரும்.

அடுத்த ஆண்டு வந்த 'கைன்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்' (1949) அவரை உலகறியச் செய்தது. மேற்கு லண்டனில் மைக்கேல் பால்கனின் தலைமையில் இயங்கிய ஈலிங் ஸ்டூடியோ, போருக்குப் பிந்தைய பங்கீட்டுக் காலத்தில் சிறிய மனிதர்கள் பெரிய நிறுவனங்களை எதிர்க்கும் நகைச்சுவைப் படங்களை வரிசையாக எடுத்துவந்தது. ராபர்ட் ஹாமர் இயக்கிய இந்தப் படம் அவற்றில் மிகவும் கசப்பானது. பிரபுக் குடும்பத்தில் பிறந்தும் ஒதுக்கப்பட்ட ஒரு பெண்ணின் மகன், பட்டத்துக்குத் தனக்கு முன்னே நிற்கும் உறவினர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். ராய் ஹார்னிமனின் மூலநாவலில் அவன் பாதி யூதன். படத்தில் பாதி இத்தாலியனாக மாற்றப்பட்டான். அந்த டாஸ்கோயின் குடும்பத்தினர் எட்டுப் பேராக, ஒரு பெண் உட்பட, கின்னஸே நடித்தார். தேவாலயக் காட்சியில் அறுவர் ஒரே சட்டகத்தில் தோன்றுகின்றனர். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம் கேமராவைத் தரையோடு அசையாமல் பிணைத்து, லென்ஸின் முன் ஒரு பகுதியை மட்டும் திறந்து மற்றவற்றை மறைத்து ஒருவரைப் படமெடுத்து, படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த பகுதியைத் திறந்து அடுத்தவரை எடுத்தார். ஒரே சுருள் பலமுறை ஒளியேற்கும் இம்முறையில் கேமரா இம்மியளவு அசைந்தாலும் எல்லாம் கெடும்.

எட்டு வேடங்கள் என்னும் எண்ணிக்கையில் மயங்குவோர் அவை எவ்வளவு சிக்கனமானவை என்பதைக் கவனிப்பதில்லை. கப்பல் மோதும் தறுவாயிலும் தன் கட்டளையை மாற்றிக்கொள்ள மறுக்கும் கடற்படைத் தலைவன் திரையில் சில கணங்களே வருகிறான். அவனுக்குக் கின்னஸ் தருவது ஒரு விறைப்பும் நிலைகுத்திய ஒரு பார்வையும்தான். தேவாலயத்தின் வயது, கண்ணாடிச் சன்னல்களின் பெருமை என்று சலிப்பூட்டப் பேசும் பாதிரியார்தான் இருப்பதிலேயே முழுமையான பாத்திரம். அவருடைய முதுமை ஒப்பனையைவிட மூச்சின் இடைவெளியிலேயே தெரிகிறது. எண்மரிடமும் குடும்பச் சாயலாக ஓடும் அசட்டுத் தன்னம்பிக்கை ஒன்று உண்டு. அதைக் கெடுக்காமல் வேறுபாடுகளைக் காட்டியதே இந்த நடிப்பின் நுட்பம். படத்தின் உண்மையான நாயகன் டென்னிஸ் பிரைஸ் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய மென்மையான, இரக்கமற்ற குரல் இல்லாவிட்டால் எட்டு முகங்களும் வெறும் வித்தையாகியிருக்கும்.

ஈலிங் படங்களில் ஒப்பனை குறைந்த இரண்டு, 1951-இல் வந்தவை, கின்னஸ் சென்ற திசையைத் தெளிவாகக் காட்டுகின்றன. சார்ல்ஸ் கிரைட்டனின் 'தி லேவண்டர் ஹில் மாப்' படத்தில் அவர் வங்கியின் தங்கக் கட்டிகளை இருபது ஆண்டுகளாக நேர்மையாகக் கண்காணித்துவந்த குமாஸ்தா. அந்தத் தங்கத்தைத் திருடி, ஐஃபல் கோபுர வடிவப் பொம்மைகளாக உருக்கி வெளிநாட்டுக்குக் கடத்துகிறார். அலெக்ஸாண்டர் மெக்கெண்ட்ரிக்கின் 'தி மேன் இன் தி வைட் சூட்' படத்தில், அழுக்கும் கிழிசலும் காணாத நூலிழையைக் கண்டுபிடித்து, அதனாலேயே ஆலை முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒருங்கே துரத்தும் விஞ்ஞானி. இருவரும் யாருடைய கண்ணிலும் படாதவர்கள். இருவரிடமும் உள்ளே ஒரு பிடிவாதம் எரிகிறது. முதல் படத்துக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. பொய்ப்பல்லும் நீண்ட கழுத்துத்துணியுமாக அவர் வந்த 'தி லேடிகில்லர்ஸ்' (1955) ரசிகர்களுக்கு மிகவும் பிடித்ததாக நிலைத்தாலும், கலை வளர்ச்சியின் கணக்கில் அது ஒரு பழைய வழியின் முடிவு.

அந்த ஆண்டுகளில் மேடையில் அவருக்கு ஒரு கடும் தோல்வியும் நேர்ந்தது. 1951-இல் அவர் தாமே இயக்கி நடித்த 'ஹாம்லெட்' முதல் இரவிலேயே ஒளியமைப்புக் கோளாறுகளால் குலைந்து, விமர்சகர்களின் கண்டனத்துக்கு ஆளானது; அதன் காயம் நெடுநாள் ஆறவில்லை. 1953-இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்னும் சிற்றூரில் கத்ரியின் கலை இயக்கத்தில் தொடங்கிய ஷேக்ஸ்பியர் விழாவுக்குச் சென்று, கூடாரத்தின் கீழ் மூன்றாம் ரிச்சர்டாக நடித்து அதைத் தொடங்கிவைத்தார். 1956-இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். போலியோவால் பாதிக்கப்பட்ட மகன் மேத்யூவின் நோயும் குணமும் அந்த முடிவுக்குப் பின்னணியில் இருந்தன. அதே மகனின் நடை அடுத்த படத்தில் அவருக்கு உதவியது.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) பியர் பூலின் பிரெஞ்சு நாவலை அடிப்படையாகக் கொண்டது. திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகள் என்ற சந்தேகத்தின் பேரில் விலக்கப்பட்டிருந்ததால், ஆஸ்கர் மேடையில் ஆங்கிலத்தில் திரைக்கதை எழுதாத பூலின் பெயரே அறிவிக்கப்பட்டது. ஜப்பானியர் பிடித்த பிரிட்டிஷ் கைதிகளின் தலைவரான கர்னல் நிக்கல்சன், அதிகாரிகள் உடலுழைப்பு செய்யக்கூடாது என்னும் ஜெனீவா ஒப்பந்த விதியை முன்வைத்து முகாம் தலைவன் சைட்டோவை எதிர்க்கிறார். தகரக் கூண்டில் வெயிலில் அடைக்கப்பட்டும் பணியாமல் வெல்கிறார். வென்ற பிறகு, தம் படையின் ஒழுங்கைக் காட்டும் பொருட்டு, எதிரிக்காகவே உறுதியான பாலம் ஒன்றைக் கட்டி முடிக்கிறார். இந்தப் பாத்திரத்தைக் கின்னஸ் முதலில் ஏற்க மறுத்தார். நகைச்சுவை உணர்வு துளியுமற்ற ஒரு மனிதரைப் பார்வையாளர் எப்படிச் சகிப்பர் என்பது அவருடைய ஐயம். லீனோ அந்த வறட்சியையே விரும்பினார்.

இந்தப் பிணக்கே நடிப்புக்கு உரமாயிற்று. நிக்கல்சனைக் கேலிக்குரியவராகக் காட்டவும் லீன் விடவில்லை, வீரராகக் காட்டவும் கின்னஸ் விரும்பவில்லை. ஆகவே பாத்திரம் தன்னைப் பற்றித் தானே எதுவும் அறியாத மனிதராக நிற்கிறது. கூண்டிலிருந்து வெளியே வந்து சைட்டோவின் குடிலை நோக்கி நடக்கும் காட்சியில், கால்கள் சொன்னபடி கேட்காத நிலையிலும் அணிவகுப்பு நடையை விடாத அந்தத் தள்ளாட்டத்தைப் போலியோவிலிருந்து மீண்டுவந்த தம் மகனின் நடையிலிருந்து எடுத்ததாகக் கின்னஸ் பின்னர் கூறினார். பாத்திரத்தின் நடை பிடிபட்டால் மற்றவை தாமே வரும் என்பது அவருடைய பொதுவான முறை. இங்கே அந்த முறை ஒரு தந்தையின் கவனிப்போடு சேர்ந்துவிடுகிறது. பாலம் முடிந்த மாலையில், இருபத்தெட்டு ஆண்டு ராணுவ வாழ்வை நினைத்து நிக்கல்சன் பேசும் நீண்ட பேச்சை லீன் பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்தே படமாக்கினார். நடிகர் வருந்திக் கேட்டார், இயக்குநர் சினந்தார். முடிவில் திரையில் இருப்பது முகம் தெரியாத ஒரு முதுகும், உணர்ச்சியைக் காட்டக் கூச்சப்படும் ஒரு குரலும். ஓர் ஆங்கிலேய அதிகாரி தம் வாழ்க்கை வீணாகவில்லை என்று தம்மையே நம்பவைக்க முயலும் கணத்தை இதைவிடக் கூர்மையாக எந்த அண்மைக் காட்சியும் தந்திருக்காது. ஆகவே, கின்னஸ் தம் அடக்கக் கலையைக் கற்றதில் லீனின் பிடிவாதத்துக்கும் பங்குண்டு. படம் ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. சிறந்த நடிகர் விருது கின்னஸுக்குக் கிடைத்தது.

படப்பிடிப்பு நடந்த இடம் தாய்லாந்து அன்று; இலங்கையில் களனி ஆற்றின் கரையிலுள்ள கித்துல்கல என்னும் ஊர். அங்கே மெய்யான பாலம் கட்டப்பட்டு, மெய்யான ரயிலுடன் தகர்க்கப்பட்டது. நாவலிலோ பாலம் தப்பிவிடுகிறது. வரலாற்றிலிருந்து படம் விலகிய இடங்கள் வேறும் உண்டு. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942-43-இல் போட்ட ஏறத்தாழ 415 கிலோமீட்டர் பாதையில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் உழைத்தனர். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மெய்யான பாலத்தின் கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிலிப் டூசி தம் வீரர்களின் உயிரைக் காக்கப் போராடியவர். நிக்கல்சனை அவரோடு ஒப்பிட்டு முன்னாள் கைதிகள் கொதித்தனர். ஆனால் கைதிகளைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் அங்கே ஆசியத் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள், இறந்தார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் பெரும் தொகையினர். மலேசியத் தமிழர் நினைவில் அது இன்றும் சயாம் மரண ரயில்தான், ஆர். சண்முகத்தின் நாவல் அந்தப் பெயரையே தாங்கியது. உலகம் முழுவதும் அந்த ரயில் பாதையை அறியச் செய்த படத்தின் கதையில் அவர்களுக்கு இடமில்லை. இது நடிகரின் குற்றமன்று. ஆயினும் தமிழில் இந்தப் படத்தைப் பற்றி எழுதும் எவரும் நிக்கல்சனின் மாண்பைப் போற்றிவிட்டு இதைக் கடந்து போகக்கூடாது.

1959-இல் கின்னஸுக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. ஜாய்ஸ் கேரியின் நாவலைக் கொண்டு அவரே திரைக்கதை எழுதிய 'தி ஹார்சஸ் மவுத்' (1958) கரகரத்த குரலில் உலகை ஏய்த்துத் திரியும் ஓவியனாக அவரைக் காட்டியது. திரைக்கதைக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 'டியூன்ஸ் ஆஃப் குளோரி' (1960) படத்தில், சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கி உயர்ந்த ஜாக் சின்க்ளேர் என்னும் முரட்டு ஸ்காட்லாந்து அதிகாரியாக நடித்து, நிக்கல்சனுக்கு நேர் எதிரான குணத்தையும் தம்மால் காட்ட முடியும் என நிறுவினார். அதன் பின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் திரையில் அவருடைய நிலை சற்று மங்கலானது. ரோமானியப் பேரரசர், இங்கிலாந்தின் முதலாம் சார்ல்ஸ், போப் மூன்றாம் இன்னொசென்ட், ஹிட்லர் எனப் பெரிய பெயர்களாக வந்தார். படங்கள் பெரும்பாலும் அவருக்கு ஈடுகொடுக்கவில்லை. மேடையில் மட்டும் நிலை வேறு: கவிஞர் டைலன் தாமஸாக நடித்த 'டைலன்' நாடகம் 1964-இல் நியூயார்க்கில் அவருக்கு டோனி விருதைத் தந்தது.

இதே காலத்தில்தான் ஃபேகின் எழுப்பிய கேள்வி திரும்புகிறது. 'எ மெஜாரிட்டி ஆஃப் ஒன்' (1961) படத்தில் ஜப்பானிய வணிகராகவும், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் (1962) இளவரசர் ஃபைசலாகவும் அவர் நடித்தார். முதலாவது, ஒட்டிய இமைகளுக்கு அப்பால் எதையும் தராத வேடம். இரண்டாவது உயர்ந்த தரத்தது. லாரன்ஸின் வாழ்க்கையை மேடையேற்றிய 'ராஸ்' நாடகத்தில் 1960-இல் லாரன்ஸாகவே நடித்திருந்த கின்னஸ், இப்போது எதிர்ப்பக்கம் நின்று அந்த ஆங்கிலேயனைக் கூர்ந்து அளக்கும் அரசியல்வாதியைச் சில பார்வைகளிலேயே உருவாக்கிவிடுகிறார். அந்தத் திறனை ஒப்புக்கொள்ளும் அதே வேளையில், எகிப்திய நடிகர் ஓமர் ஷெரீஃப் உண்மையான இருப்புடன் நிற்கும் படத்தில் பழுப்பு வண்ணம் பூசிய முகம் இன்று உறுத்துவதையும் மறைக்க இயலாது.

1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஓபி-வான் கெனோபி என்னும் முதிய வீரராக நடித்தது அவருக்கு லாபத்தில் ஒரு பங்கையும், துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையையும், அவர் விரும்பாத ரசிகர் கூட்டத்தையும் கொண்டுவந்தது. வசனங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும், அரை நூற்றாண்டு உழைப்பை இந்த ஒரு வேடம் விழுங்கிவிடுமோ என்று அவர் வருந்தியதும் அவருடைய கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் பதிவாகியுள்ளன. இருந்தாலும் நடிப்பில் அலட்சியம் சிறிதும் இல்லை. நீண்ட நாளாகக் கேளாத தன் பழைய பெயரைக் கேட்டதும் முதியவரின் பார்வை எதிரே இருப்பவரை விட்டு விலகி எங்கோ செல்கிறது. இளைஞன் தன் தந்தையின் முடிவைக் கேட்கும்போது விடைக்கு முன் ஒரு தயக்கம் வருகிறது. தொடர்ந்து வந்த படங்கள் அந்த விடை முழு உண்மையன்று என்று வெளிப்படுத்தியபோது, தயக்கம் முன்பே அதற்கு இடம் விட்டிருந்தது. பொம்மைகளும் இயந்திரங்களும் நிறைந்த கதையை ஒரு கடந்தகாலம் உள்ள கதையாக மாற்றியது பெரும்பாலும் இந்த முகம்தான். கிடைத்த பணமோ, பிடித்ததை மட்டும் செய்யும் சுதந்திரத்தை முதுமையில் அவருக்கு அளித்தது.

அந்தச் சுதந்திரத்தின் முதல் பயன் தொலைக்காட்சியில் விளைந்தது. ஜான் லெ காரேயின் நாவலைத் தழுவி பிபிசி 1979-இல் ஏழு பகுதிகளாக ஒளிபரப்பிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' தொடரில், உளவுத்துறையின் உச்சியில் ஒளிந்திருக்கும் துரோகியைத் தேடும் ஓய்வுபெற்ற அதிகாரி ஜார்ஜ் ஸ்மைலியாகக் கின்னஸ் நடித்தார். நாவலின் ஸ்மைலி குள்ளமானவர், பருத்தவர். தமக்கு அந்த உடல் இல்லையே என்று லெ காரேயிடம் அவர் கவலை தெரிவித்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பானால் ஒப்பனைக் கலைஞரை நாடியிருக்கக்கூடிய அந்தக் கவலைக்கு, இம்முறை மூக்குக்கண்ணாடியும் மேலங்கியும் குடையும் போதுமாயின. பிரிட்டிஷ் உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டை உணவு வேளையில் சந்தித்து அவருடைய பாவனைகளையும் கவனித்துக்கொண்டார்.

கதை முழுவதும் உரையாடல்களால் ஆனது. ஒவ்வொரு உரையாடலிலும் மற்றவர் பேச, ஸ்மைலி கேட்கிறார். ஒருவர் பேசும்போது கேட்பவரின் முகத்தைக் காட்டும் சட்டகத்தை எதிர்வினைக் காட்சி என்பர். பொதுவாக அதில் நடிகர்கள் எதையாவது காட்ட முனைவர்: புருவம் உயரும், உதடு இறுகும். கின்னஸ் எதையும் காட்டுவதில்லை, ஆனால் எல்லாம் உள்ளே சென்று சேர்வது தெரிகிறது. கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டையின் அகன்ற முனையால் துடைக்கும் பழக்கம் நாவலிலேயே உள்ளது. அவர் அதை அளந்து பயன்படுத்துகிறார், கண்ணாடியற்ற அந்தச் சில நொடிகளில் மட்டுமே ஸ்மைலியின் கண்களில் காயம் வெளிப்படுகிறது. மனைவியைப் பற்றிப் பிறர் நலம் விசாரிக்கும்போதெல்லாம் விடைக்கு முன் விழும் சிறு இடைவெளி, துரோகம் அலுவலகத்தோடு நிற்கவில்லை என்பதை வசனமின்றிச் சொல்லிவிடுகிறது. 1982-இல் வந்த 'ஸ்மைலீஸ் பீப்பிள்' இந்த நடிப்பை இன்னும் சோர்வுற்ற, இன்னும் கடினமான மனிதராக வளர்த்தது. இரண்டுக்கும் பாஃப்டா விருது கிடைத்தது. தம் பாத்திரத்தைக் கின்னஸ் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார் என்று லெ காரே பிற்காலத்தில் சொன்னார்; எழுத உட்காரும்போது கின்னஸின் குரலே கேட்டதாம்.

இந்த உச்சத்துக்குப் பின் 'எ பாசேஜ் டு இந்தியா' (1984) வருவது வருத்தத்துக்குரியது. லீனின் கடைசிப் படமான இது பெங்களூர்ச் சுற்றுப்புறங்களிலும் நீலகிரியிலும் எடுக்கப்பட்டது. ஊட்டி மலை ரயிலை அதில் காணலாம். விக்டர் பானர்ஜி, ரோஷன் சேத், சயீத் ஜாஃப்ரி போன்ற தேர்ந்த இந்திய நடிகர்கள் நிறைந்த படத்தில், பேராசிரியர் கோட்போலே என்னும் பிராமண அறிஞராகக் கின்னஸ் முகத்துக்கு வண்ணம் பூசி வந்தார். இ. எம். ஃபார்ஸ்டரின் நாவலில் கோட்போலே வெளியார் அளக்க முடியாத ஆழமுடையவர். படத்தில் அவர் விநோதமான முதியவராகச் சுருங்கிவிட்டார். அவருடைய நடனம் உள்ளிட்ட காட்சிகளை லீன் வெட்டியதால் நட்பும் கசந்தது. வெட்டாமல் விட்டிருந்தாலும் குறை தீர்ந்திருக்காது. ஸ்மைலியிடம் அவர் அறிந்திருந்த மௌனங்கள் அவர் பிறந்து வளர்ந்த சமூகத்தின் மௌனங்கள். கோட்போலேயின் மௌனத்துக்கு அவரிடம் அப்படியொரு உள்ளறிவு இல்லை, ஆகவே வேடம் மட்டும் எஞ்சியது.

கின்னஸ் 1989-இல் 'எ வாக் இன் தி வுட்ஸ்' நாடகத்தோடு மேடையை விட்டார். திரையில் சிறு வேடங்கள் 1996 வரை தொடர்ந்தன. மூன்று நினைவு நூல்களை எழுதினார். 2000 ஆகஸ்ட் 5 அன்று மறைந்தார். ஆனால் அவருடைய கலையின் கடைசிப் பெரும் சான்று 1987-இல், கிறிஸ்டீன் எட்சார்டு ஆறு மணி நேரம் ஓடும் இரு படங்களாக எடுத்த 'லிட்டில் டோரிட்'. இதுவும் டிக்கன்ஸ். கடனாளிகளை அடைக்கும் மார்ஷல்சீ சிறையில் டிக்கன்ஸின் தந்தையே 1824-இல் இருந்திருக்கிறார். அங்கே இருபதாண்டுகளுக்கும் மேல் கிடந்து, 'சிறையின் தந்தை' என்று மற்றக் கைதிகளின் மரியாதையையும் சில்லறைக் காணிக்கைகளையும் பெற்றுவரும் வில்லியம் டோரிட்டாகக் கின்னஸ் நடித்தார். பிறரிடம் கையேந்துவதைத் தான் அவர்களுக்கு அளிக்கும் சலுகை போலக் காட்டிக்கொள்ளும் மனிதர் டோரிட். அந்தப் பாசாங்கு கலைந்தால் அவர் உடைந்துவிடுவார் என்பதால் மகள் அதைக் காத்துவருகிறாள். எதிர்பாராமல் செல்வம் வந்து, விடுதலையாகி, உயர்குடியினரின் விருந்தில் அமர்ந்திருக்கும்போது அவர் மனம் பிறழ்கிறது. எழுந்து நின்று, கூடியிருக்கும் சீமான்களைச் சிறைக்குப் புதிதாக வந்த கைதிகளாக எண்ணி வரவேற்கத் தொடங்குகிறார். பைத்தியத்தைக் காட்டும் வழக்கமான எந்த அடையாளத்தையும் கின்னஸ் இங்கே நாடவில்லை. படத்தின் முற்பகுதியில் சிறை முற்றத்தில் பேசிய அதே தொனி, அதே கனிவு, அதே கை அசைவு. மாறியிருப்பது கேட்போர் மட்டுமே. ஃபேகினுக்காக மணிக்கணக்கில் ஒப்பனை அறையில் அமர்ந்திருந்த நடிகர், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே நாவலாசிரியரின் இன்னொரு முதியவரை ஒட்டு மூக்கோ பொய் இமையோ இல்லாமல், தம் முகத்தைக் கொண்டே முடித்துவிட்டார். அந்த நடிப்புக்கு அவருடைய கடைசி ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.